29 எழுத்துச் சொல்லும் நெய்யாற்றின்கரையும்

2024 ஜூன் 4 அன்று திருவனந்தபுரம் மக்களவைத் தொகுதியில் வாக்கு எண்ணிக்கை கடைசிவரை இழுபறியாகப் போனது. நேமம், வட்டியூர்க்காவு, கழக்கூட்டம் ஆகிய சட்டமன்றப் பகுதிகளில் பின்தங்கிய சசி தரூர் முடிவில் 16,077 வாக்கு வித்தியாசத்தில் கரையேறினார். கரையேற்றியதில் பெரும்பங்கு தெற்குப் பகுதிகளுக்கு: கோவளம், நெய்யாற்றின்கரை, பாறசாலை. 2014இலும் கதை ஏறக்குறைய இதுதான். அப்போது வித்தியாசம் 15,470. ஆங்கிலத்தில் யாரும் கேள்விப்படாத சொல்லைத் தேடி எடுத்துப் போடுவதற்கென்றே நாடறிந்த ஒருவரை டில்லிக்கு அனுப்பிவைப்பவை, பலரும் வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும் பேசும் எல்லைக் கிராமங்கள்.

அவர்கள் வாக்களித்தது சொல்லுக்காக அல்ல. அந்தப் பக்கத்து அரசியலில் கடற்கரை, சமூகம், சபை, சாலை, துறைமுகம் என்று கணக்குகள் வேறு. ஆனால் இந்த ஊர்களையும் அந்த நெடுஞ்சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஆங்கில நெடுஞ்சொல் என்பதைப் பற்றியே சில விஷயங்கள் துலங்குகின்றன. இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

2017 மே மாதம் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியைக் கண்டித்து எழுதிய ட்விட்டர் பதிவில் தரூர் ‘ஃபராகோ’ என்ற சொல்லைப் பயன்படுத்தினார். அகராதித் தளங்களில் அந்தச் சொல்லைத் தேடியவர்கள் எண்ணிக்கை அன்று திடீரென்று எகிறியது. லத்தீனில் அது கால்நடைக்குப் போடும் கலப்புத் தீவனம். பிறகு எதையும் கண்டபடி கலந்த கலவைக்கு ஆகிவந்தது. 2018 அக்டோபரில் தம் புத்தகத்தை அறிவிக்கும்போது, இது வெறும் 400 பக்கத்து ‘ஃப்ளாக்சினாசினிஹிலிபிலிஃபிகேஷன்’ பயிற்சி மட்டுமல்ல என்று எழுதினார். ஒன்றுக்கும் உதவாது என்று தள்ளிவைப்பது என்று பொருள். மறுநாளே, நெடுஞ்சொல்லைக் கண்டு நடுங்கும் நோய்க்கு இன்னும் நீளமான பெயர் ஒன்று இருப்பதைச் சொல்லி, அந்த நோயைப் பரப்பியதற்காக விளையாட்டாக மன்னிப்புக் கேட்டார். அந்தப் பெயர் ‘ஹிப்போபோட்டோமான்ஸ்ட்ரோசெஸ்குவிபெடாலியோஃபோபியா’. இதற்குப் பிறகு வார்த்தைகளைப் பற்றியே இரண்டு புத்தகங்கள் வந்துவிட்டன: 2020இல் ‘தரூரோசாரஸ்’, 2024இல் ‘எ வொண்டர்லேண்ட் ஆஃப் வேர்ட்ஸ்’.

‘ஃப்ளாக்சி’ என்று தொடங்கும் அந்த 29 எழுத்துச் சொல் எங்கிருந்து வந்தது? ஈட்டன் பள்ளிக்கூடத்து லத்தீன் இலக்கணப் புத்தகத்திலிருந்து. ‘ஒரு பொருட்டாக மதிக்கவில்லை’ என்று சொல்ல லத்தீனில் எந்தெந்தச் சொற்கள் வரும் என்று அங்கே ஒரு பட்டியல் உண்டு: ஃப்ளாக்சி, நாசி, நிஹிலி, பிலி. கம்பளிப் பிசிறு, சல்லித் துரும்பு, சூனியம், ஒற்றை மயிர் என்று வைத்துக்கொள்ளலாம். மனப்பாடம் செய்து சலித்துப்போன பையன்கள் நான்கையும் ஒரே கயிற்றில் கோத்து, பின்னால் ஒரு விகுதியையும் மாட்டினார்கள். ‘மயிருக்குச் சமம்’ என்று நம் ஊரில் ஒரே மூச்சில் சொல்வதை நான்கு முறை சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான். வில்லியம் ஷென்ஸ்டன் என்ற கவிஞர் 1741இல் எழுதிய கடிதத்தில் அது முதலில் அகப்படுகிறது. வால்டர் ஸ்காட் தம் நாட்குறிப்பில் ஓர் எழுத்தை மாற்றி எழுதிவைத்தார். 2012இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஜேக்கப் ரீஸ்-மாக் அதை உச்சரித்துக் காட்டினார். எங்கே வந்தாலும் கூடவே ஒரு சிறு புன்னகையும் வரும். பொருளைச் சொல்ல அதை யாரும் கூப்பிடுவதில்லை. சொல்லிக் காட்டத்தான் கூப்பிடுகிறார்கள்.

அச்ச நோய்க்கான சொல் இன்னும் வெளிப்படையான குறும்பு. ரோமானியக் கவி ஹொரேஸ் ஒன்றரை அடி நீளச் சொற்களைக் கேலி செய்தார். அந்த ‘ஒன்றரை அடி’தான் அதன் நடுப்பகுதி. அதற்கு முன்னால் நீர்யானையையும் அரக்கனையும் நிறுத்தியது நீளத்தைக் கூட்டுவதற்காக மட்டுமே. எந்த மருத்துவரும் இந்தப் பெயரை எழுதி மருந்துச் சீட்டு கொடுத்ததில்லை.

சொல் விளையாட்டு என்றதும் பலருக்கு இந்த மாதிரிச் சொற்கள்தான் நினைவுக்கு வரும். உண்மையில் விளையாட்டில் இவற்றுக்கு இடமே இல்லை. ஸ்கிராபிள் பலகையை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ் 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்து உட்கார்ந்திருந்தபோது, செய்தித்தாள் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணி எண்ணி உருவாக்கியது அது. ஸ்கிராபிள் என்ற பெயர் 1948இல் வந்தது. பலகை 15க்கு 15 கட்டம். கையில் எந்நேரமும் 7 வில்லை. ஏழையும் ஒரே முறையில் இறக்கினால் கூடுதலாக 50 புள்ளி. 29 எழுத்துச் சொல்லுக்குப் பலகையில் பாதிதான் இடம்.

வேடிக்கை என்னவென்றால், வில்லைகள் போதும். அந்தச் சொல்லில் ‘ஐ’ எழுத்து 9 முறை வருகிறது. ஆங்கிலப் பெட்டியில் இருக்கும் ‘ஐ’ வில்லைகளும் சரியாக 9. ‘எஃப்’ இரண்டு வேண்டும், இரண்டே இருக்கிறது. ‘சி’ நான்கு வேண்டும், இருப்பது இரண்டு. எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ளக்கூடிய வெற்று வில்லைகள் இரண்டைச் சேர்த்தால் நான்கு. மற்ற எழுத்துகள் தாராளம். 100 வில்லைகளைக் கொட்டி ஒரு பொழுது செலவழித்தால் தரையில் அந்தச் சொல்லை அடுக்கிவிடலாம். பலகையில்தான் முடியாது.

தரூரின் ஃபராகோ அப்படியல்ல. ஆங்கிலத்தில் அது 7 எழுத்து. கையில் இருக்கும் ஏழையும் அப்படியே இறக்கலாம். 11 புள்ளியோடு அந்த 50ம் சேரும். ஊர் சிரித்த நீளச் சொல்லைவிட, ஊர் அகராதியைப் புரட்டிய குட்டைச் சொல்தான் ஆட்டக்காரனுக்குக் காசு. இன்னொரு 7 எழுத்துச் சொல் நமக்கு நெருக்கமானது: நம் வெட்டிவேர். ஆங்கில அகராதியில் ‘வெட்டிவர்’ என்று நுழைந்து உட்கார்ந்துவிட்டது. பெட்டியில் ‘வி’ வில்லைகள் இரண்டே உண்டு, மதிப்பு நான்கு நான்கு. வெட்டிவேர் இரண்டையும் ஒருசேர வாங்கிக்கொள்கிறது. அணைக்கட்டு ‘அனிகட்’ ஆகி 6 எழுத்தோடு நிற்கிறது. கட்டுமரம் 9. மிளகுத்தண்ணீர் 12 எழுத்தாக நீண்டு, பலகையில் மூன்று கட்டம் மட்டும் மிச்சம் வைக்கும். தென்கோடிக் கடற்கரையிலும் சமையலறையிலும் புழங்கிய சொற்கள் இவை. அகராதிக்குள் இவற்றைக் கொண்டுபோனவர்கள் கப்பல்காரர்களும் பொறியாளர்களும் சமையல்காரர்களும்.

போட்டி ஆட்டக்காரர்கள் நீளத்தைத் தேடுவதே இல்லை. இரண்டு எழுத்து, மூன்று எழுத்துச் சொற்களைத்தான் முதலில் நெட்டுருப் போடுவார்கள். 1982இல் மான்செஸ்டரில் கார்ல் கோஷ்னா ஒரே முறையில் 392 புள்ளி எடுத்தது 8 எழுத்துச் சொல் ஒன்றால். லத்தீன் அமெரிக்கப் பழங்குடித் தலைவர்களைக் குறிக்கும் ‘கசீக்’ என்பதன் பன்மை அது. நியூசிலாந்தில் பிறந்த நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றார். அவருக்குப் பிரெஞ்சு பேச வராது. 2024இல் ஸ்பானியப் பட்டத்தையும் அப்படியே வென்றார். அவருக்குச் சொல் என்பது எழுத்துகளின் வரிசை, பொருள் வேண்டியதில்லை. தரூர் ஆடுவது இதற்கு நேர் எதிரான விளையாட்டு: பொருள் தெரிந்தவன் தெரியாதவனைப் பார்த்துக் கண்சிமிட்டுவது. இரண்டையும் சொல் விளையாட்டு என்றே சொல்கிறோம்.

கேரளத்தில் மூன்றாவதாக ஒரு விளையாட்டும் உண்டு, அட்சரசுலோகம். ஒருவர் ஒரு சுலோகம் சொன்னால், அதன் மூன்றாம் அடி தொடங்கும் எழுத்தில் தொடங்கும் சுலோகத்தை அடுத்தவர் சொல்ல வேண்டும். எல்லைக்கு இந்தப் பக்கம் நமக்கு அந்தாதியும் மாலைமாற்றும் இருந்தன. முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றாக வரும்படி ஒரு பதிகம் முழுவதையும் ஞானசம்பந்தர் பாடியிருக்கிறார். சொல் நீளமா குட்டையா என்பதை இந்த ஆட்டங்கள் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

இன்னொரு நெடுஞ்சொல் வழியாகப் பாறசாலைக்கு வருவோம். ஆங்கிலப் பள்ளிப் பிள்ளைகள் நெடுஞ்சொல் என்று முதலில் கற்பது பெரும்பாலும் 28 எழுத்துக் கொண்ட ‘ஆன்டிடிஸ்எஸ்டாபிளிஷ்மென்டேரியனிசம்’. மற்றவை வேடிக்கைக்குக் கட்டியவை. இதற்குப் பின்னாலோ ஒரு நிஜச் சண்டை இருக்கிறது. இங்கிலாந்துத் திருச்சபை அரசின் திருச்சபை. அந்தத் தகுதியைப் பறிக்க வேண்டும் என்றது ஒரு கட்சி. பறிக்கக்கூடாது என்றது எதிர்க்கட்சி. எதிர்க்கட்சியின் கொள்கைக்குத்தான் இந்தப் பெயர். அயர்லாந்தில் அந்தத் தகுதி 1869இல் இயற்றிய சட்டத்தால் 1871 தொடக்கத்தில் போயிற்று, வேல்ஸில் 1920இல். இங்கிலாந்தில் இன்றும் இருக்கிறது. அரசோடு ஒட்டிய சபை வேண்டாம் என்று பிரிந்து நின்றவர்களில் முக்கியமானவர்கள் காங்கிரிகேஷனல் சபையார். அவர்கள் ஆதிக்கம் பெற்றிருந்த அமைப்பு லண்டன் மிஷனரி சொசைட்டி. 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே கன்னியாகுமரிப் பக்கத்து மயிலாடிக்கு வந்தது அந்த மிஷன் வழியாகத்தான். நாகர்கோவில், நெய்யூர் என்று வடக்கே நகர்ந்து, 19ஆம் நூற்றாண்டில் பாறசாலையும் அதன் ஒரு மிஷன் வட்டமாயிற்று. திருவனந்தபுரத்தில் பணியாற்றிய சாமுவேல் மேட்டீர் திருவிதாங்கூரைப் பற்றி எழுதிய முதல் பெரிய புத்தகம் 1871இல் லண்டனில் வெளியானது. அயர்லாந்துச் சபை அரசிடமிருந்து விடுபட்ட அதே ஆண்டு.

அதாவது, அந்த 28 எழுத்துச் சொல் யாரை எதிர்த்து உருவானதோ அவர்களுடைய சபைதான் பாறசாலையில் பள்ளிக்கூடமும் கோயிலும் கட்டியது. பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக எழுந்த தோள்சீலைக் கலவரக் காலத்தில் ஊருக்குள் கொதித்த பிரச்சினைகளுக்கும் பிஷப்புகளின் சண்டைக்கும் நேரடித் தொடர்பு இல்லைதான். ஆனாலும் அரசின் நிழலில் நிற்காத சபை என்ற எண்ணம் அந்த மிஷனரிகளின் ரத்தத்தில் இருந்தது. 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது காங்கிரிகேஷனல் மரபாரும் ஆங்கிலிகன் மரபாரும் ஒரே சபையானார்கள். இன்று பாறசாலைப் பக்கத்துச் சி.எஸ்.ஐ. கோயில்களுக்குப் போகிறவர்களைப் பொறுத்தவரை அந்தப் பெருஞ்சொல்லின் வழக்கு முடிந்துபோன வழக்கு. அகராதியில் மட்டும் இன்னும் நடக்கிறது.

அடுத்த சொல்லுக்கு எழுத்து 45. ‘நியூமோனோஅல்ட்ராமைக்ராஸ்கோபிக்சிலிகோவால்கேனோகோனியோசிஸ்’. பெரிய ஆங்கில அகராதிகள் ஏற்றுக்கொண்டவற்றுள் இதுவே நீளமானது என்பார்கள். 1935இல் அமெரிக்கப் புதிராளர் சங்கத்தின் கூட்டத்தில் அதன் தலைவர் எவரெட் ஸ்மித் கட்டிவிட்டது. நியூயார்க் செய்தித்தாள் ஒன்று செய்தியாகப் போட்டது. செய்தியில் வந்ததால் அகராதி சேர்த்துக்கொண்டது. எரிமலைத் தூசியை மூச்சில் இழுப்பதால் வரும் நுரையீரல் நோய் என்று பொருள் சொல்வார்கள். மருத்துவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் சிலிக்கோசிஸ்.

அந்தக் குட்டைப் பெயர் எல்லைப் பகுதியில் வேடிக்கையல்ல. பள்ளிச்சல் அருகே மூக்குன்னிமலையைப் பாறைமடைகள் தின்றுவந்தது பற்றி ஆண்டுக்கணக்கில் வழக்கும் விசாரணையும் நடந்திருக்கின்றன. விழிஞ்ஞம் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்காகக் கன்னியாகுமரி மாவட்டத்துக் கல்லை ஏற்றிய டிப்பர் லாரிகள் களியிக்காவிளை வழியாகப் போய்க்கொண்டே இருந்தன. கல்லில் துளை போடும்போதும் கிரஷரில் உடைக்கும்போதும் கிளம்பும் தூளில் சிலிக்கா இருக்கிறது. பெரிய துகளை மூக்கும் தொண்டையும் பிடித்துவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்துகள் நுரையீரலின் கடைசி காற்றறைவரை போய்த் தங்கும். அங்கே தழும்பு ஏறும். தழும்பை மாற்ற மருந்து இல்லை. காசநோய்க்கும் அது வாசல் திறந்துவிடும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சிலிக்கோசிஸைக் கட்டாயம் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாக வைத்தது. தண்ணீர் தெளித்துத் துளையிட்டால் தூள் பெருமளவு அடங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். புதிராளர் சங்கத்தின் 45 எழுத்தில் இந்தத் தொழிலாளியைப் பற்றி ஓர் எழுத்தும் இல்லை. அவன் நெஞ்சில் ஏறுவது எரிமலைச் சாம்பல் அல்ல, சாலைக்கும் துறைமுகத்துக்கும் போகும் கல்லின் பொடி.

எல்லா நெடுஞ்சொல்லும் வெறும் வேடிக்கை என்று சொல்லிவிட முடியாது. 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில், தெலங்கானா அமைச்சர் கே.டி. ராமாராவ் மருந்துகளின் பெயர்கள் ஏன் வாயில் நுழைய மறுக்கின்றன என்று கேட்டு, இதில் தரூரின் கைவரிசை இருக்கிறதோ என்று சந்தேகப்பட்டார். தாம் பெயர் வைத்திருந்தால் ‘கொரோனில்’, ‘கொரோஜீரோ’ என்று வைத்திருப்பேன் என்றார் தரூர். நல்ல நகைச்சுவைதான். ஆனால் டோசிலிசுமாப், ரெம்டெசிவிர், மோல்னுபிராவிர் என்ற பெயர்களில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. ‘மாப்’ என்று முடிந்தால் ஒரே வகை உயிரணுவிலிருந்து எடுத்த எதிர்ப்புப் புரதம். ‘விர்’ என்று முடிந்தால் வைரஸை எதிர்ப்பது. உலக சுகாதார நிறுவனம் 1950களிலிருந்து பாதுகாத்துவரும் ஏற்பாடு இது. நெய்யாற்றின்கரை மருந்துக்கடையில் நிற்கும் பெண்ணுக்குப் பெயரின் கடைசி அசையே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். இந்த நீளம் உழைக்கிற நீளம்.

இந்த ஒட்டுவேலை நமக்குப் புதிதா? நெய்யாறு, இன், கரை: மூன்று துண்டு. களியிக்காவிளை, இஞ்சிவிளை, பெருங்கடவிளை: தோட்ட நிலத்தைக் குறிக்கும் ‘விளை’ எல்லைக்கு இரண்டு பக்கமும் ஊர்ப்பெயர்களின் வாலில் தொங்குகிறது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரையையும் கேட்டது, கிடைக்கவில்லை. கோடு போட்டவர்கள் ‘விளை’களை எப்படிப் பங்கிடுவது என்று யோசித்திருக்க மாட்டார்கள்.

ஊர்ப்பெயரை விடுங்கள். ‘வராமலிருந்தவர்களுக்கும்கூட’ என்று ஒரு கல்யாண வீட்டில் சாதாரணமாகச் சொல்கிறோம். இதையே ஆங்கிலத்தில் சொல்ல ஆறேழு சொல் வேண்டும். மலையாளத்திலும் இப்படித்தான், பாறசாலை பேருந்து நிலையத்து அறிவிப்புப் பலகையில் ஒரு வினைச்சொல் வரி முழுவதையும் பிடித்துக்கொண்டிருக்கலாம், யாரும் அதைச் செய்தியாக்க மாட்டார்கள். பேசும்போதே ஒட்டிக்கொள்ளும் மொழியில் ‘மிக நீளமான சொல் எது’ என்ற கேள்விக்கே பிடி கிடைக்காது. சமஸ்கிருதத்தில் இதை எல்லைவரை கொண்டுபோய்ப் பார்த்தவர் ஒரு பெண்: 16ஆம் நூற்றாண்டில் விஜயநகர மன்னர் அச்சுததேவராயரின் அவையைச் சேர்ந்த திருமலாம்பா. அவருடைய ‘வரதாம்பிகா பரிணய சம்பு’வில் காஞ்சிப் பக்கத்து நாட்டை வருணிக்கும் ஒரு தொகைச்சொல் 195 எழுத்து, ரோமன் எழுத்தில் 428. கின்னஸ் புத்தகம் உலக இலக்கியத்தின் மிக நீளமான சொல் என்று இதைப் பதிந்தது. ஆங்கிலம் தன் 45ஐக் கொண்டாடுவது அந்த மொழியில் ஒட்டுவது அபூர்வம் என்பதால்தான். அதிலும் ஒட்டுகிற துண்டுகள் பெரும்பாலும் கிரேக்கமும் லத்தீனும். வீட்டுச் சொல்லைத் தொடுவதில்லை.

நீளத்தை எதைக் கொண்டு அளப்பது என்பது அடுத்த சிக்கல். ரோமன் எழுத்தில் நெய்யாற்றின்கரை 13, தமிழில் 8. திருவனந்தபுரம் அங்கே 18, இங்கே 9. பாறசாலைத் தொகுதிக்குள் ஒற்றசேகரமங்கலம் என்று ஒரு பஞ்சாயத்து இருக்கிறது. ஆங்கிலத்தில் 19 எழுத்து, மாவட்டத் தலைநகரைவிட ஒன்று அதிகம். தமிழில் 11தான். ஸ்கிராபிள் விதிப்படி ஊர்ப்பெயர் செல்லாது. செல்லுமென்று வைத்துக்கொண்டாலும் ஆங்கிலப் பலகையில் அது இறங்காது, தமிழில் ஒரு பலகை இருந்தால் நான்கு கட்டம் மிச்சம் வைத்து உட்காரும். ஈட்டன் பையன்களின் சொல்லை மேலே எழுதியிருப்பதுபோல் தமிழில் எழுதினால் 17 எழுத்து. அப்போதும் இரண்டு கட்டம் வெளியே துருத்தும்.

ஆனால் தமிழ் யாப்பில் எழுத்தெண்ணுவதற்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. கட்டளைக் கலித்துறையில் மெய்யெழுத்தையும் ஆய்தத்தையும் தள்ளிவிட்டுத்தான் எண்ண வேண்டும். நேரசையில் தொடங்கினால் அடிக்கு 16, நிரையசையில் தொடங்கினால் 17. அந்தக் கணக்கில் நெய்யாற்றின்கரை 5 எழுத்து. 29 எழுத்து என்று உலகம் வியந்த சொல் 12 ஆகச் சுருங்கிவிடுகிறது. அதோடு அடியை நிரப்ப வேண்டிய கவிராயருக்கு இன்னும் நான்கைந்து எழுத்து தேவைப்படும்.